நலங்கு மாவும் ஒரு பிடி அரிசியும்

புதிதாகப் பார்லர் வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளே, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டிச் செம்பாக்கம் போகும் வழியில், ஒரு மொபைல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் பார்லர் இருந்தது. இப்போது தேடிப் போனால் கிடைக்காது. அங்கே மோமோ விற்கிறார்கள். முழங்கால் ஒத்துழைக்காததால் கடையை விட்டேனே தவிர, வாயை விடவில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஃபேஷியல் எப்படிச் செய்வது, புருவம் எப்படி எடுப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் கோர்ஸ் முடித்து வந்தவர்கள். எனக்கு வாயில் நுழையாத சீரம் பெயரெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, "அக்கா, அதிகம் செலவில்லாம, நேச்சுரலா ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு எந்தக் கோர்ஸிலும் பதில் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் இந்த நேச்சுரல் என்ற சொல்லைக் கண்டு மயங்காதீர்கள். எட்டிக்காய்கூட நேச்சுரல்தான். குரோம்பேட்டைக் காலேஜில் படித்த ஒரு பெண், போனில் எதையோ பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தையும் சோடா உப்பையும் குழைத்து முகத்தில் பூசி, அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் சுற்றிவிட்டு வந்தாள். கன்னம் இரண்டும் புண்ணாகியிருந்தது. "நேச்சுரல்தானே ஆன்ட்டி" என்று அழுகையோடு என்னிடமே கேட்டாள். அவளைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். நம்மால் ஆகாதது எது என்று தெரிந்துகொள்வதும் நம் தொழிலில் சேர்த்திதான்.

நான் வேலை கற்ற பார்லரின் முதலாளியம்மாவுக்கு ஒரு விதி உண்டு. வாயில் வைக்கக் கூசுவதை முகத்தில் வைக்காதே என்பார். அதை அப்படியே நம்பி, எங்களில் ஒருத்தி ப்ளீச் க்ரீமை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அன்று முழுக்க மோர் குடித்துக்கொண்டே வேலை செய்தாள். டப்பாவில் வரும் எதற்கும் அந்த விதி செல்லாது, நீங்களும் முயன்று பார்க்காதீர்கள். அடுப்பங்கரையிலிருந்து வரும் பொருளுக்கு மட்டும் அது இன்றைக்கும் செல்லும். ஒரு கல்யாண வீட்டில் அந்த விதிதான் எனக்குக் கைகொடுத்தது.

அந்தக் கல்யாணப் பெண்ணின் பெயர் நித்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நகைக்கடையில் சேல்ஸில் இருந்தாள். அந்தக் கடையில் காலையில் போகும்போதே முகம் முழுக்கக் கனமான மேக்கப் போட்டிருக்க வேண்டும் என்பது கட்டளை. நாளெல்லாம் ஏசி, ராத்திரி வீட்டுக்கு வந்து செம்பாக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்புப் போட்டு முகத்தை வறட்டு வறட்டென்று தேய்த்துக் கழுவுவாள். அந்தத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும், பக்கெட்டிலேயே வெள்ளையாக உப்புப் படியும். கன்னமெல்லாம் பருவும் திட்டுமாக, முதல் தடவை என் பார்லருக்கு வந்தபோது கண்ணாடியைப் பார்க்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா இல்லை. அம்மா செல்வி வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். அன்று மகளோடு அவரும் வந்திருந்தார். நான் ஃபேஷியல் மெனு அட்டையை நீட்டவே இல்லை. தங்கைகளே, பட்ஜெட்டில் அழகுபார்க்க வருகிற பெண்ணிடம் எதைச் சேர்ப்பது என்று யோசிக்காதீர்கள், எதை நிறுத்துவது என்று யோசியுங்கள். நிறுத்துவதற்குச் செலவே கிடையாது.

முதலில் சோப்பை நிறுத்தச் சொன்னேன். மேக்கப்பைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பழந்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, பாசிப்பயறு மாவைத் தயிரில் குழைத்து, தேய்க்காமல் மெல்ல ஒற்றிக் கழுவச் சொன்னேன். கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரில் முகத்தை அலசச் சொன்னேன். சமைக்க வாங்கும் அதே தண்ணீர்தான். வாரத்தில் ஒருநாள், லீவு நாளில், முகத்தில் எதுவுமே போடாமல் விடச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கச் சொன்னது ஒரே ஒரு சன்ஸ்க்ரீன். அதற்குப் பதிலாக அடுப்பங்கரையில் எதுவும் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதைப் புதிதாகப் போட்டாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

நித்யா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உன்னிப்பாகக் கேட்டது அவள் அம்மாதான். "பயறை வறுக்கணுமா அக்கா, பச்சையாவே அரைக்கலாமா? சல்லடை போதுமா, துணியில சலிக்கணுமா?" என்று துருவித் துருவிக் கேட்டார். தைக்கிறவர் இல்லையா, எதையும் இழை இழையாகப் பார்க்கிற புத்தி. துணியில் சலிக்கச் சொன்னேன். அதன் பிறகு மகளின் முகம் அந்த அம்மாவின் பொறுப்பாகிவிட்டது. கொஞ்ச நாளில் திட்டு மறைந்தது, பருவும் அடங்கியது. ஒருநாள் நித்யா கடைக்குள் வந்தவுடன் நேராகக் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு மனதுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் பெருங்களத்தூர். கல்யாணத்தை எடுத்து நடத்தியவர் நித்யாவின் அத்தை, இறந்துபோன அப்பாவின் அக்கா, சரோஜாம்மா. செம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரைப் பக்கம் அவர் குரல் கேட்டால் தெரு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். வாய்தான் அப்படி. தம்பி போன பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். நித்யாவின் படிப்புக்குத் துணை நின்றதும், மண்டபம் பிடித்ததும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியதும் அவர்தான். செல்வி அவர் சொல்லை மீறிப் பேசி நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் நலங்கு வைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண்ணை மனையில் உட்கார வைத்து, சுமங்கலிப் பெண்கள் வரிசையாக வந்து சந்தனமும் மஞ்சளும் பூசி, பிறகு வாசனை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். கணவனை இழந்தவர்கள் அதில் கை வைக்கக் கூடாது என்று இன்னமும் பல வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். பெற்ற தாயாக இருந்தாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த வழக்கத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொன்னால் இந்தப் பேச்சு வேறு பக்கம் போய்விடும், விடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு செல்வி என் கடைக்கு வந்தார். "நலங்குல எனக்கு வேலை இல்லக்கா. அந்த மாவையாவது நான் செஞ்சு குடுக்கறேன். மாவு யார் செஞ்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?" என்றார். உட்கார வைத்து, என்னென்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். எல்லாமே தாம்பரம் மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான்.

நித்யாவின் முகத்துக்கென்று அரைத்தால் வீட்டு மிக்ஸி போதும். நலங்குக்கு வருகிற எல்லாப் பெண்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவ்வளவு மாவை மில்லில்தான் அரைக்க வேண்டும். இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் பக்கத்து மில்லில் அரிசி, கோதுமைக்கு ஒரு மிஷின். மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு இன்னொரு மிஷின். வாசனைப் பொருளை மாவு மிஷினில் போட விடமாட்டார்கள், அடுத்தவர் இட்லியில் வெட்டிவேர் மணக்கும் என்பார்கள். ஆகவே நலங்கு மாவு மிளகாய் மிஷினுக்குத்தான் போகும். அதனால் நான் செல்வியிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: போகும்போது தனியாகக் கொஞ்சம் அரிசி கொண்டுபோ, முதலில் அந்த அரிசியைப் போட்டு மிஷினை ஓட்டச் சொல், அந்த மாவைக் கொட்டிவிட்டு அதற்குப் பிறகு உன் சாமானைப் போடு.

செல்வி பூவையும் பயறையும் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காய வைத்தார். காக்காய் விரட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டாராம். நித்யா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். "அம்மா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல ஆன்ட்டி" என்றாள்.

நலங்கு அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. நித்யாவின் தோழி. "ஆன்ட்டி, உடனே வாங்க. நித்யா முகம் நெருப்பா எரியுதுன்னு கத்துறா" என்றாள். கடையைப் பக்கத்து ஜெராக்ஸ்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். மறுநாள் ஒருநாள்தான் இடைவெளி, அதற்கடுத்த நாள் விடிந்தால் கல்யாணம்.

வீடு முழுக்கப் பெண்கள். நடுவில் ஈரத் தலையோடு நித்யா, முகம் குங்குமமாகச் சிவந்து, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தர் கையில் ஐஸ் கட்டி, ஒருத்தர் கையில் டூத்பேஸ்ட், இன்னொருத்தர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஏதோ ஒரு ட்யூபின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். தங்கைகளே, இந்த இடத்தை நன்றாக மனதில் வையுங்கள். எல்லோரும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் வீட்டில் நுழைந்தவுடன் நமக்கும் கை பரபரக்கும். வந்தவள் சும்மா நிற்கிறாளே என்று நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். காரணம் தெரிவதற்கு முன்னால் முகத்தில் எதையும் போடாதீர்கள்.

மூச்சு சரியாக இருக்கிறதா, உதடோ கண்ணிமையோ வீங்குகிறதா என்று பார்த்தேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன். இல்லை. எரிச்சல் மட்டும்தான். நலங்குக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா என் அருகில் வந்து, "உண்மையைச் சொல்லுங்க ஆன்ட்டி, பொண்ணுக்கு ஸ்கின்ல ஏதாச்சும் ப்ராப்ளம் இருக்கா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்றார். குரலை அடக்கித்தான் கேட்டார். ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பதில் சொல்வதுபோல் சரோஜாம்மா பேசினார். "தோலும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. வாணாம் வாணாம்னு தலபாடா அடிச்சுகினேன். நல்ல காரியத்துக்கு வைக்கிற மாவுல இவ போய் கை வச்சுகினு கீறா. கை ராசின்னு ஒண்ணு கீது இல்ல?" என்றார்.

செல்வி ஹாலில் இல்லை. பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில், வாஷிங் மெஷினை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மகள் கத்துவது கேட்கிறது, பக்கத்தில் போகக்கூடாது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் நித்யாவின் தோழி என் கையைச் சுரண்டினாள். "ஆன்ட்டி, எனக்கும் உள்ளங்கை எரியுது. நான்தான் அவளுக்கு மாவு தேச்சு விட்டேன்" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. ஒருத்திக்கு எரிந்தால் தோல் ஒத்துக்கொள்ளவில்லை எனலாம். இரண்டு பேருக்கு எரிந்தால் பிசகு மாவில்தான் இருக்கிறது. குளியலறையில் மீதியிருந்த மாவுக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன். வெட்டிவேரும் பூலாங்கிழங்கும்தான் கமகமவென்று தூக்கலாக மணந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். முதலில் பயறின் சப்பென்ற ருசி. அப்புறம் சுரீர் என்று ஏறியது பாருங்கள், மிளகாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காரணம் தெரிந்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன். மிளகாய்க் காரம் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் இறங்கும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, கண்ணுக்குள் போகாமல் மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு குளிர்ந்த பால் நனைத்த துணி. கண்ணைக் கேன் தண்ணீரில் கழுவினேன். தோழியின் கைக்கும் அதே எண்ணெய்தான். ட்யூபையும் டூத்பேஸ்டையும் வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நித்யாவின் கத்தல் விசும்பலாக இறங்கியது. "அம்மா எங்க?" என்றாள்.

பின்பக்கம் போனேன். "செல்வி, மில்லுல முதல்ல அரிசி போட்டியா?" என்று கேட்டேன்.

"நான் மில்லுக்குப் போகலக்கா. அண்ணிதான் வேணாம்னுட்டாங்க. நல்ல காரியம், நானே அரைச்சிகினு வர்றேன்னு எடுத்துட்டுப் போனாங்க. அரிசியைத் தனியாக் கட்டிக் குடுத்து விவரம் சொன்னேன்." சொல்லிக்கொண்டே அவர் கண் சமையலறை மேடைக்குப் போனது. அங்கே, முடிச்சு அவிழாமல், சின்னத் துணிப்பையில் ஒரு பிடி அரிசி அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராக ஹாலுக்குப் போய், யார் கை ராசி என்று இப்போது சொல்கிறேன் என்று போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங்கா. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி அவங்களுக்குத் தலைகுனிவு வேணாம். அவங்க இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல. என் ராசின்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பழகிடுச்சு."

பழகிவிட்டது என்ற அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அதே நேரம் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு போனால் ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்தில் குற்றவாளியாக நிற்பாள், இனி பிறக்கப்போகும் பேரக்குழந்தையைத் தொடவும் பயப்படுவாள். வாயைத் திறந்தால், இத்தனை வருடம் அந்த வீட்டைத் தூக்கிச் சுமந்த ஒருவர் சபை நடுவில் கூனிக் குறுகுவார். நம் தொழிலில் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது ஒன்றும் பெரிதல்ல. ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு முடிவெடுப்பதுதான் பெரிய பாடு.

சரோஜாம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கிண்ணத்தை நீட்டி, "ஒரு சிட்டிகை நாக்குல வச்சுப் பாருங்க" என்றேன்.

முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்து வாயில் வைத்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முகம் சுருங்கியது, இருமினார், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பை வைக்கும்போதுதான் மேடையில் இருந்த அரிசிப் பையைப் பார்த்தார்.

"அரிசியை எதுக்கு வீணாக் கொட்டணும்னு வுட்டுட்டேன்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

நான் நித்யாவிடம் போய்விட்டேன். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் இன்றுவரை தெரியாது.

பாலில் நனைத்த துணியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஹாலில் அவர் குரல் கேட்டது. வழக்கமான உரத்த குரல் இல்லை. "இங்க கொஞ்சம் கேளுங்கம்மா. மாவுல மிளகாய் கலந்துகீது. மிளகாய் அரைச்ச மிஷினு. முதல்ல அரிசி போட்டு ஓட்டுன்னு செல்வி கட்டிக் குடுத்து அனுப்பிச்சா. நான்தான் போடாம அரைச்சிகினு வந்தேன். அவ பேர்ல ஒரு தப்பும் இல்ல. பொண்ணு தோல்லயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் என் அவசரம். மாவுப் பொட்டலம் வாங்குனவங்க திருப்பிக் குடுத்துடுங்க."

மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் பேசினார். "அவ்ளோதானா ஆன்ட்டி? எங்க வீட்ல சீயக்காய் அரைக்கப்போய் எங்கம்மா இதே கூத்து பண்ணாங்க. ஒரு வாரம் தலையைச் சொறிஞ்சுட்டே இருந்தோம்" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வீடு லேசாகிவிட்டது. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் நித்யாவின் முகத்தில் நான் எதையும் போட விடவில்லை. காலையிலும் மாலையிலும் தண்ணீர், லேசாகத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. செல்வியிடம் வெறும் பாசிப்பயறை மட்டும் மிக்ஸியில் அரைத்துத் துணியில் சலிக்கச் சொன்னேன். மஞ்சள் வேண்டாம், வாசனை எதுவும் வேண்டாம். மகளின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தோம். ஒன்றும் செய்யவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மேக்கப் பெட்டியோடு மண்டபத்துக்குப் போனேன். மணமகள் அறையில் நித்யா உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் இன்னொரு முறை மாவு பூசிக் குளிக்க வைப்பார்கள். பாலில் குழைத்த மாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரோஜாம்மா நின்றார். சுற்றிலும் உறவுப் பெண்கள். செல்வி வழக்கம்போல் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சரோஜாம்மா கிண்ணத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. வாசல் வரை போனார். "உள்ள வா" என்றார். செல்வி அசையவில்லை. "அண்ணி, எல்லாரும் இருக்காங்க" என்றார்.

"இருக்கட்டுமே. நீ அரைச்ச மாவு, நீ பெத்த பொண்ணு. இன்னும் எவ வந்து போடணும்?" சொல்லிவிட்டு, செல்வியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, அந்தக் கையைத் தானே கிண்ணத்துக்குள் தோய்த்து விட்டார். ஒரு பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரோஜாம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஏரிக்கரையே அடங்கும், பெரியம்மா எம்மாத்திரம்.

செல்வியின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போயிருக்கும். அந்த விரலால் மகளின் கன்னத்தில் மாவைத் தொட்டு வைத்தார். வைத்தவுடன் சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்.

"எரியுதாம்மா?" என்றார்.

நித்யா இல்லையென்று தலையை ஆட்டினாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். "இல்லம்மா. நீயே போடு" என்றாள்.

என் பெட்டியில் ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் வரிசையாக இருந்தன. முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை மூடினேன். மற்ற பெண்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, சரோஜாம்மாவோடு செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.